தீர்ந்த எரிபொருள், தீராத வழக்கு: யக்கா மலை அணுமின்சாரத்தை மறித்த கதை

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் விஸ்காசெட் என்னும் சிற்றூரில் ஓர் அணுமின் நிலையம் இருந்தது. அதன் உலை கடைசியாக ஓடியது 1996-ல். 2005-க்குள் கட்டடங்களை இடித்து, மண்ணைச் சுத்தம் செய்து, வேலையை முடித்துவிட்டார்கள். ஆனாலும் வளாகம் காலியாகவில்லை. ஒரு கான்கிரீட் தளத்தில் 64 பெரிய உருளைகள் வரிசையாக நிற்கின்றன. 60 உருளைகளுக்குள் பயன்படுத்தித் தீர்ந்த எரிபொருள். மற்ற 4-ல் உலையின் உட்பகுதியிலிருந்து வெட்டியெடுத்த, கதிரியக்கம் ஏறிய உருக்குத் துண்டுகள். இவற்றைக் காவல் காக்க மட்டும் ஆண்டுக்குச் சுமார் 1 கோடி டாலர் செலவாகிறது. ஒரு யூனிட் மின்சாரம்கூட உற்பத்தி ஆகாத இடத்துக்கு இவ்வளவு செலவு. இந்தப் பணம் கடைசியில் அமெரிக்க மத்திய அரசின் கருவூலத்திலிருந்து, வழக்கு இழப்பீடாக வருகிறது.

காலநிலை மாற்றத்துக்கு அணுமின்சாரம் ஒரு தீர்வா என்ற விவாதத்தில் கரியமிலக் கணக்கு அநேகமாக முடிந்துபோன விஷயம். சுரங்கம் முதல் உலையை இடிப்பது வரை எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் ஒரு யூனிட்டுக்கு நடுமதிப்பாக 12 கிராம் கரியமில வாயு என்றும், நிலக்கரிக்கு அது 820 கிராம் என்றும் ஐ.நா.வின் காலநிலைக் குழு 2014-ல் கணக்கிட்டது. 2050-க்குள் அணுமின் திறனை மும்மடங்காக்குவோம் என்று 2023 டிசம்பரில் துபாய் மாநாட்டில் 20-க்கும் மேற்பட்ட நாடுகள் கையெழுத்திட்டன. அமெரிக்காவும் அதில் ஒன்று. தடைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. செலவு ஒரு தடை. ஜார்ஜியா மாநிலத்தின் வோக்டில் நிலையத்தில் கட்டிய இரண்டு புதிய உலைகள் 7 ஆண்டுகள் தாமதமாகி, 3,000 கோடி டாலரைத் தாண்டின. அதை இங்கே பேசப்போவதில்லை. செலவுக்குப் பொறியியல் காரணங்களும் உண்டு, நிர்வாகக் காரணங்களும் உண்டு. முழுக்க முழுக்க அரசியல் உண்டாக்கிய தடை என்று ஒன்றைச் சுட்ட வேண்டுமானால் அது கழிவுதான். அதிலும் அந்தக் கழிவை நிலத்தடியில் நிரந்தரமாக வைக்க அமெரிக்கா குறித்துவைத்த யக்கா மலை.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். உலைக்குள் போவது விரல் நுனி அளவுள்ள யுரேனியம் ஆக்சைடு வில்லைகள். அவற்றைச் சுமார் 4 மீட்டர் நீளமுள்ள சிர்க்கோனியம் கலவைக் குழாய்களில் அடுக்கி, 200-க்கும் மேற்பட்ட குழாய்களை ஒரு கட்டாகக் கட்டுகிறார்கள். உலைக்குள் சில ஆண்டுகள் இருந்து வெளியே வரும்போது அந்தக் கட்டின் உருவம் மாறியிருக்காது. சுமார் 95 சதவீதம் இன்னும் யுரேனியமே. 1 சதவீதத்தை ஒட்டிப் புளூட்டோனியம். மீதி, அணு பிளந்தபோது உண்டான பிளவுப் பொருட்கள். தொடக்கத்தில் ஆபத்தின் பெரும்பங்கு இந்த மீதியில்தான் இருக்கிறது. சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90 ஆகியவற்றின் அரையாயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் காலம், 30 ஆண்டுகள் அளவு. முதல் சில நூற்றாண்டுகளின் வெப்பத்துக்கும் கதிர்வீச்சுக்கும் இவைதான் காரணம். புளூட்டோனியம்-239-ன் அரையாயுள் 24,100 ஆண்டுகள். நிலத்தடியில் லட்சக்கணக்கான ஆண்டுகளுக்குக் கணக்குப் போட வேண்டியிருப்பது இத்தகைய நெடுங்காலப் பொருட்களால்.

உலையிலிருந்து எடுத்த கட்டுகளைச் சுமார் 12 மீட்டர் ஆழமுள்ள நீர்த்தொட்டியில், பெரும்பாலும் 5 ஆண்டுகளுக்குக் குறையாமல் ஆறவைக்கிறார்கள். பிறகு நீருக்குள்ளேயே ஓர் உருக்குக் கலனில் அடுக்கி, மேலே தூக்கி, மூடியைப் பற்றவைத்து, நீரை வடித்து, வெற்றிடத்தால் உலர்த்தி, ஹீலியம் நிரப்புகிறார்கள். ஈரம் தங்கினால் குழாய்கள் அரிக்கும் என்பதால் உலர்த்தும் கட்டத்தில்தான் கவனம் அதிகம் வேண்டும். கலனைக் கான்கிரீட் உறைக்குள் இறக்கிய பின் மோட்டாரோ மின்சாரமோ தேவையில்லை. கீழ்த் துளை வழியே காற்று நுழைந்து, சூடேறி, மேலே வெளியேறும். இந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்கிறது. குறைகளும் இல்லாமல் இல்லை. கலனின் உருக்குச் சுவர் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் தடிமன்தான். கடற்கரையில் உப்புக் காற்று படிந்து விரிசல் விடக்கூடும் என்பது மெய்யான கவலை. 2018 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் சான் ஓனோஃப்ரே நிலையத்தில் ஒரு கலனை இறக்கும்போது அது விளிம்பில் மாட்டிக்கொண்டது. தாங்கும் பட்டைகள் தளர்ந்துவிட்ட நிலையில், 18 அடி பள்ளத்துக்கு மேலே அது தங்கி நின்றது. விழவில்லை. ஆனால் கடற்கரையில் குடியிருப்பவர்கள் ‘இதை எப்போது எடுத்துப் போவீர்கள்’ என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது.

எடுத்துப் போகும் தேதி சட்டத்தில் இருந்தது: 1998 ஜனவரி 31.

1982-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, அடுத்த ஜனவரியில் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட அணுக்கழிவுச் சட்டம் ஒரு நேர்மையான பேரம். அணுமின் நிலையங்கள் விற்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்கை ஒரு நிதியத்துக்குக் கட்ட வேண்டும். பதிலுக்கு மத்திய எரிசக்தித் துறை 1998 முதல் தீர்ந்த எரிபொருளை ஏற்றுக்கொள்ளும். ஒரே மாநிலத்தின் தலையில் சுமை விழக்கூடாது என்பதற்காக மேற்கில் ஒன்று, கிழக்கில் ஒன்று என்று இரண்டு நிலத்தடிக் கிடங்குகளுக்கு இடம் தேட வேண்டும். அறிவியல் ஆய்வுதான் இடத்தைத் தீர்மானிக்கும். தெரிவான மாநிலத்தின் ஆளுநர் மறுக்கலாம். ஆனால் இரு அவைகளும் சாதாரணப் பெரும்பான்மையில் அந்த மறுப்பைத் தள்ளிவிடலாம். இந்தக் கடைசி விதியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பேரம் ஐந்தே ஆண்டுகளில் உடைந்தது. கிழக்குக் கிடங்குக்கு 1986 ஜனவரியில் பரிசீலித்த மாநிலங்களில் மேய்ன், நியூ ஹாம்ப்ஷயர், மினசோட்டா, விஸ்கான்சின் எல்லாம் இருந்தன. எதிர்ப்பு கிளம்பியது. அந்த ஆண்டு தேர்தல் ஆண்டு. மே மாதமே கிழக்குத் தேடலைக் காலவரையின்றி ஒத்திவைத்தார்கள். முதல் கிடங்குக்கு ஆராய்ந்த 9 இடங்களிலிருந்து 3 மிஞ்சின: வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டு, டெக்ஸஸின் டெஃப் ஸ்மித் மாவட்டம், நெவாடாவின் யக்கா மலை. மூன்றையும் துளையிட்டு ஆராய்ந்து ஒப்பிட்டிருக்க வேண்டும். 1987 டிசம்பரில் நாடாளுமன்றம் ஒரு சட்டத்திருத்தத்தால் மற்ற இரண்டையும் அடித்துவிட்டு, யக்காவை மட்டும் ஆராயுமாறு ஆணையிட்டது. அப்போது பிரதிநிதிகள் சபையின் தலைவர் ஜிம் ரைட் டெக்ஸஸ்காரர். பெரும்பான்மைக் கட்சித் தலைவர் டாம் ஃபோலி வாஷிங்டன் மாநிலத்துக்காரர். நெவாடாவுக்குச் சபையில் இரண்டே உறுப்பினர்கள். செனட்டில் முந்தைய ஆண்டுதான் தேர்வான ஹாரி ரீட் என்ற புதியவர். நெவாடாவில் ஓர் அணுமின் நிலையமும் கிடையாது. அணுகுண்டுச் சோதனைகளை 1951 முதல் சுமந்த மாநிலம் அது. அந்தத் திருத்தத்துக்கு அங்கே வைத்த பெயரை மரியாதையாகச் சொன்னால் ‘நெவாடாவை நாசமாக்கு சட்டம்’.

யக்கா மோசமான இடம் என்று நான் சொல்லவரவில்லை. லாஸ் வேகஸிலிருந்து வடமேற்கே சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி, மழை அரிதான பாலைவனத்தில், எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான பாறை. தரைக்குக் கீழே 300 மீட்டர், நீர்மட்டத்துக்கு மேலே 300 மீட்டர் என்ற இடைவெளியில் சுரங்கங்கள். வறண்ட இடம் என்பதுதான் அதன் பலம். ஆனால் ஆய்வில் பாறை வெடிப்புகள் வழியே நீர் எதிர்பார்த்ததைவிட வேகமாக இறங்குவதற்கான அறிகுறிகள் தென்பட்டன. அதற்கு ஈடாகக் கலன்களுக்கு மேலே டைட்டானியக் கூரைகளை வடிவமைப்பில் சேர்த்தார்கள். எந்த ஆய்விலும் இப்படித் திருத்தங்கள் வரும். ஒப்பிட வேறு இடம் இல்லாததால், ஒவ்வொரு திருத்தமும் ‘முடிவை முன்பே எடுத்துவிட்டு அதற்குச் சான்று தேடுகிறார்கள்’ என்ற குற்றச்சாட்டுக்கு உரமாயிற்று. 10,000 ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு காட்டினால் போதும் என்று சுற்றுச்சூழல் முகமை 2001-ல் வகுத்த விதி, தேசிய அறிவியல் கழகத்தின் பரிந்துரைக்கு முரண்படுகிறது என்று 2004-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளியது. 2008-ல் அது 10 லட்சம் ஆண்டுகள் ஆனது.

மாநிலத்தின் கையில் வேறு ஆயுதங்களும் இருந்தன. சுரங்கம் தோண்டவும் தூசி அடக்கவும் நீர் வேண்டும். நிலத்தடி நீருக்கு அனுமதி தருவது மாநிலத்தின் நீர்ப் பொறியாளர். அவர் 2000-ல் மறுத்தார். நிலம் தங்களுடையது என்று மேற்கு ஷோஷோனி பூர்வகுடிகள் 1863 ஒப்பந்தத்தைக் காட்டி வாதிட்டார்கள். இதில் ஒரு முரண் இருக்கிறது. மலை இருக்கும் நை மாவட்ட நிர்வாகம் திட்டத்தை ஆதரித்தது. வேலையும் வரியும் வரும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் சட்டத்தில் அவர்களின் சம்மதத்துக்கும் பொருள் இல்லை, மாநிலத்தின் மறுப்புக்கும் பொருள் இல்லை.

2002-ல் அது அப்படியே நடந்தது. ஆளுநர் கென்னி குவின் மறுத்தார். பிரதிநிதிகள் சபை 306-117 என்றும், செனட் 60-39 என்றும் வாக்களித்து மறுப்பைத் தள்ளின. 2008 ஜூனில் எரிசக்தித் துறை உரிம விண்ணப்பத்தைக் கொடுத்தது. அதற்குள் 1987-ன் புதியவர் ஹாரி ரீட் செனட்டின் பெரும்பான்மைத் தலைவராகிவிட்டிருந்தார். யக்காவுக்கு ஒரு டாலர் போக வேண்டுமானாலும் அவர் மேசையைத் தாண்ட வேண்டும். கட்சிகள் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க முதலில் வாக்களிக்கும் மாநிலங்களின் வரிசைக்கு நெவாடாவும் வந்திருந்தது. யக்காவை எதிர்ப்பதாக ஒபாமா அங்கே வாக்குறுதி தந்தார். 2010 மார்ச்சில் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற மனு போனது. 2011-ல் பணிகள் நின்றன. அதுவரை செலவு சுமார் 1,500 கோடி டாலர். நீதிமன்ற உத்தரவால் ஆய்வை முடித்த அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் வல்லுநர்கள், 2015 ஜனவரியில் தந்த அறிக்கையில், வடிவமைப்பு பாதுகாப்பு விதிகளை நிறைவுசெய்வதாகச் சொன்னார்கள். குறையாக அவர்கள் சுட்டியவை நிலத்தின் மீதான உரிமையும் நீர் உரிமையும். டிரம்ப் அரசு முதலில் உயிர்கொடுக்கப் பார்த்தது. நாடாளுமன்றம் பணம் தரவில்லை. 2020-ல் நெவாடா மீண்டும் தேர்தல் களமானபோது அவரும் கைவிட்டார்.

பணம் ஏன் நகரவில்லை என்பது பலர் கவனிக்காத பகுதி. நிதியத்தில் 4,000 கோடி டாலருக்கு மேல் சேர்ந்திருக்கிறது. ஆனால் அது தனியாகப் பூட்டி வைத்த பெட்டி அல்ல. மின் நிறுவனங்கள் கட்டிய கட்டணம் அரசின் பொது வரவாகி, பற்றாக்குறையைக் குறைத்துக் காட்டியது. அதிலிருந்து எடுத்துச் செலவழிக்கவோ ஆண்டுதோறும் நாடாளுமன்ற ஒதுக்கீடு வேண்டும். அந்த ஒதுக்கீடு செலவு உச்சவரம்புக்கு உட்பட்டது. அதாவது, கழிவுக்கு 50 கோடி ஒதுக்கினால் வேறொரு திட்டத்தில் 50 கோடி வெட்ட வேண்டும். எந்த உறுப்பினரும் தன் தொகுதிப் பாசனத் திட்டத்தை விட்டுக்கொடுத்து நெவாடாவில் குழி தோண்ட மாட்டார். கிடங்கே இல்லாமல் கட்டணம் எதற்கு என்று 2013-ல் நீதிமன்றம் கேட்டது. 2014 மே மாதம் கட்டணம் பூஜ்யமானது. 1998 தேதி தவறியதற்காக மின் நிறுவனங்கள் தொடுத்த வழக்குகளில் இதுவரை 1,000 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு போயிருக்கிறது. அதை நிதியத்திலிருந்து தரக்கூடாது என்றும் தீர்ப்பு இருப்பதால் வரி கட்டுபவர் தருகிறார்.

இதெல்லாம் பழைய உலைகளின் கணக்கு என்று தள்ளிவிட முடியாது. புதிய உலைகளை மறிப்பதும் இதுவே. கலிபோர்னியா 1976-ல் ஒரு சட்டம் இயற்றியது: உயர்நிலைக் கழிவை நிரந்தரமாக அப்புறப்படுத்தும் தொழில்நுட்பம் மெய்ப்பிக்கப்பட்டு, மத்திய அரசின் ஒப்புதலும் பெற்றுவிட்டது என்று மாநில ஆணையம் கண்டறியும் வரை புதிய அணுமின் நிலையத்துக்கு அனுமதி இல்லை. கதிர்வீச்சுப் பாதுகாப்பு மத்திய அரசின் அதிகாரம், மாநிலம் அதில் தலையிடலாமா என்று வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1983-ல் நீதிமன்றம் சட்டத்தை உறுதிசெய்தது. கழிவுக்கு வழியில்லாத உலை பொருளாதாரச் சுமையாகலாம், அதைத் தடுப்பது மாநிலத்தின் உரிமை என்றது. காலநிலை இலக்குகளில் முன்னோடியான அந்த மாநிலம் 2022-ல் டயப்லோ கேன்யன் நிலையத்தை 2030 வரை ஓட்டச் சட்டம் இயற்றியது. புதிய உலை கட்டத் தடை மட்டும் அப்படியே இருக்கிறது. விஸ்கான்சின், கென்டக்கி, மொன்டானா, மேற்கு வர்ஜீனியா இத்தகைய தடைகளை 2016-க்கும் 2022-க்கும் இடையில் நீக்கின. 2012-ல் வேறொரு அடி. கிடங்கு எப்படியும் வந்துவிடும் என்ற அனுமானத்தில் உரிமம் கொடுப்பது செல்லாது என்று நீதிமன்றம் சொன்னதால், இரண்டு ஆண்டுகளுக்கு எந்த உலைக்கும் இறுதி உரிமமோ உரிம நீட்டிப்போ வழங்க முடியவில்லை.

நிரந்தரக் கிடங்கு வரும்வரை கலன்களை ஓரிடத்தில் சேர்த்து வைக்கும் இடைக்காலக் கிடங்கு என்ற மாற்று வழியும் இதே சுவரில்தான் முட்டியது. யூட்டா மாநிலத்தில் ஸ்கல் வேலி கோஷூட் பூர்வகுடிகள் தங்கள் நிலத்தில் கலன்களை வைக்க இசைந்தார்கள். 2006-ல் உரிமமும் கிடைத்தது. மாநிலத்தின் அரசியல்வாதிகள் ரயில் பாதை போக வேண்டிய நிலத்தைப் பாதுகாக்கப்பட்ட வனப்பகுதியாக அறிவிக்கச் செய்தார்கள். திட்டம் படுத்துவிட்டது. டெக்ஸஸில் ஒரு நிறுவனத்துக்கு 2021 செப்டம்பரில் உரிமம் தந்த அதே மாதம் மாநில அரசு அதைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் உரிமத்துக்கு எதிரான தீர்ப்பை ரத்து செய்தது. ஆனாலும் மாநிலத்தின் எதிர்ப்பு தணியவில்லை.

இதே பொருளை, இதே அறிவியலை வைத்துக்கொண்டு பின்லாந்து என்ன செய்தது? 1983-லேயே அரசு கால அட்டவணை போட்டது: 2000-க்குள் இடத்தைத் தெரிவுசெய்ய வேண்டும். 1987 அணுசக்திச் சட்டம் ஊராட்சிக்கு முழு மறுப்பு அதிகாரத்தைக் கொடுத்தது. நாடாளுமன்றமே நினைத்தாலும் அதைத் தள்ள முடியாது. கழிவு நிதி அரசின் வரவுசெலவுக்கு வெளியே தனி நிதியமாக நிற்கிறது. நான்கு இடங்களைக் கடைசி வரை ஆராய்ந்தார்கள். அவற்றில் ஒன்று ஒல்கிலுவோட்டோ அணுமின் நிலையம் இருக்கும் யூராயோகி. அந்த ஊராட்சி முதலில் கழிவை ஏற்பதில்லை என்றுதான் முடிவுசெய்திருந்தது. தொண்ணூறுகளில் மனம் மாறியது. சொத்து வரி ஒரு காரணம். உலை ஏற்கெனவே ஊரில் இருக்க, கழிவு எப்படியும் அங்கேதான் கிடக்கும் என்பது இன்னொரு காரணம். 2000 ஜனவரியில் ஊராட்சி மன்றம் 20-7 என்று ஒப்புக்கொண்டது. 2001 மே மாதம் நாடாளுமன்றம் 159-3 என்று உறுதிசெய்தது. 400 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் கருங்கல் பாறை. 5 சென்டிமீட்டர் தடிமனுள்ள செப்புக் கலன். சுற்றிலும் நீர் பட்டால் ஊதி அடைத்துக்கொள்ளும் பெண்டோனைட் களிமண். ஒன்காலோ என்ற அந்தக் கிடங்கில் 2024-ல் சோதனை ஓட்டம் தொடங்கியது. கழிவு முடிவுக்கு அடுத்த ஆண்டே, 2002-ல், நாட்டின் ஐந்தாவது உலைக்கு நாடாளுமன்றம் 107-92 என்று அனுமதி தந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த உலை பத்தாண்டுக்கும் மேல் தாமதமாகி 2023-ல்தான் முழுமையாக ஓடத் தொடங்கியது. ஆனால் அந்தத் தாமதத்துக்குக் கழிவு காரணமாக இல்லை. 2022-ல் அந்நாட்டுப் பசுமைக் கட்சியே அணுமின்சாரத்தை ஏற்றுக்கொண்டது.

மறுக்கும் உரிமை உறுதியாக இருந்தால் இசைவு கிடைப்பது எளிதாகிறது என்பது முதலில் தலைகீழாகத் தோன்றும். எந்தக் கட்டத்திலும் நிறுத்தலாம் என்று தெரிந்த ஊர், ஆய்வாளர்களை உள்ளே விட்டுக் கேள்வி கேட்கத் துணிகிறது. நிறுத்தவே முடியாது என்று தெரிந்த மாநிலம் முதல் நாளிலேயே வழக்கறிஞர்களை அமர்த்துகிறது. அமெரிக்க அரசு அமைத்த உயர்நிலைக் குழுவும் 2012-ல் இந்த முடிவுக்கே வந்து, இசைவின் அடிப்படையில் இடம் தேடப் பரிந்துரைத்தது. ஆனால் 1987 திருத்தம் சட்டப் புத்தகத்தில் இருக்கும் வரை, யக்காவைத் தவிர வேறு இடத்தில் நிரந்தரக் கிடங்கு கட்ட எவருக்கும் அதிகாரம் இல்லை.

இந்தக் கேள்வி நம் கடற்கரைக்கும் உண்டு. கூடங்குளத்துக்கு 1988-ல் சோவியத் ஒன்றியத்துடன் செய்த ஒப்பந்தப்படி தீர்ந்த எரிபொருள் அந்நாட்டுக்கே திரும்பிப் போக வேண்டும். 1998-ன் துணை ஒப்பந்தம் அதை இந்தியாவிலேயே வைத்துக்கொள்வதாக மாற்றியது. தீர்ந்த எரிபொருள் கழிவல்ல, யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்தெடுக்கும் மறுசுத்திகரிப்புக்கான மூலப்பொருள் என்பது இந்திய அணுசக்தித் துறையின் நிலைப்பாடு. அதில் உண்மை உண்டு. ஆனால் மறுசுத்திகரிப்பு செய்தாலும் பிளவுப் பொருட்கள் மிஞ்சும்; கண்ணாடியாக உருக்கி இறுக்கிய அந்தக் கழிவுக்கு ஆழ்நிலக் கிடங்கு வேண்டும்; இந்தியாவில் அதற்கு இடம் தெரிவாகவில்லை. கோலார் தங்கச் சுரங்கத்தின் பெயர் 2012 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் அடிபட்டதுமே கர்நாடகத்தில் கொந்தளிப்பு எழ, மத்திய அரசு பின்வாங்கியது. 2013 மே 6 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் உலைக்கு வெளியே ஒரு சேமிப்புக் கிடங்கு அமைக்கவும், நிரந்தரக் கிடங்கை விரைவுபடுத்தவும் சொன்னது. அந்தச் சேமிப்புக் கிடங்குக்காக 2019 ஜூலையில் நடப்பதாக அறிவித்த பொதுக்கேட்பு எதிர்ப்பால் தள்ளிப்போனது. கிடங்கைக் கூடங்குளத்தில் அமைக்காமல், எரிபொருளை ரஷ்யாவுக்கே அனுப்ப வேண்டும் என்று 2022 பிப்ரவரியில் தமிழக முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

இடைக்காலம் என்று சொல்லி வைத்தது நிரந்தரமாகிவிடுமோ என்று இடிந்தகரையில் கேட்டால், விஸ்காசெட்டின் 64 உருளைகளை அறிந்தவர் அதை வீண் பயம் என்று சொல்ல முடியாது. 2006-ன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பொதுக்கேட்பில் ஊர்மக்கள் பேசலாம், பேசியதைப் பதிவுசெய்து டெல்லிக்கு அனுப்புவார்கள், வாக்கெடுப்பு கிடையாது. யூராயோகி ஊராட்சி 20-7 என்று தீர்மானித்த விஷயத்தில், கூடங்குளம் ஊராட்சிக்கு வேண்டாம் என்று சொல்லும் சட்ட உரிமை இல்லை. அதனால் அது வேண்டும் என்று சொல்வதற்கும் வழி இல்லை.